‘சபாபதி’யின் நகைச்சுவை

பம்மல் சம்பந்த முதலியாரின் (1873–1964) நகைநாடகத்தைத் தழுவி, ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1941-இல் வெளியிட்ட ‘சபாபதி’ இன்றும் பார்ப்போரை நகைக்கச் செய்கின்றது. அறிவிலியாகிய வேலைக்காரனை எள்ளுவதே அதன் சுவை என்பர் சிலர். அவ்வாறாயின், அதனை உயர்ந்த நகை எனல் இயலாது. எனினும் அக்கூற்று ஆராயத்தக்கது.

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்கு நான்கு நிலைக்களன் வகுத்தார் தொல்காப்பியர். பேதைமையையும் மடனையும் அவர் வேறு பிரித்தது ஏன் என மயங்கும் மாணாக்கர் இப்படத்தைக் காண்பாராக. டி.ஆர். ராமச்சந்திரன் நடித்த தலைவன் செல்வர் மகன்; கற்பித்தது மனத்துட் புகாமையால் தேர்வில் தோற்பவன். இது பேதைமை. காளி என். ரத்தினம் நடித்த வேலையாளோ சொல்லியதைச் சொல்லியவாறே பற்றிக்கொண்டு விடாதவன். மடம் என்னும் சொல்லுக்கு உரைமரபு கூறும் பொருளும் இதுவே. ஒருவன் சொல்லையே கொள்ளான். மற்றவன் சொல்லை மட்டுமே கொள்வான். இருவர்க்கும் பெயர் சபாபதி என்றே அமைத்தமை வெறும் விளையாட்டன்று. ஏவலனை ‘முட்டாள்’ என வையுந்தோறும் அச்சொல் வைதவன்பாலே திரும்பிச் சேர்கின்றது.

சொல்வோன் கருத்துக்கும் சொல் நின்ற நிலைக்கும் இடையே பிறக்கும் நகை காலத்தால் தேய்வதில்லை. நீலகிரியின் கீழ்க்கோத்தகிரி போன்ற ஊர்களில், இல்லத்தில் படுகு மொழியும் பள்ளியில் தமிழும் வழங்கும் மாணாக்கர்க்கு இந்த இடைவெளி நாள்தோறும் பழகியதாகலின், இந்நகை விளக்கம் வேண்டாமலே புலனாகும்.

எள்ளலும் படத்தில் இல்லாமல் இல்லை. அது மிகுதியும் பாய்வது சாரங்கபாணி நடித்த தமிழாசிரியர் மீது! நம்மனோர் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க வேண்டிய குறை வேறொன்று உண்டு. கற்றறிந்த மனைவி சிவகாமி பாடம் சொல்லிக் கொடுக்கத் தலைவன் தேறுகின்றான். பேதைமை நீங்கவே அவன்பால் நகையும் மெலிகின்றது. வேலையாளுக்குக் கற்பிப்பார் எவருமிலர். அவன் மடன் இறுதிவரை நம் சிரிப்பிற்கென்றே விடப்படுகின்றது. முற்கூறிய சிலர் கருத்து ஓரளவேனும் பொருந்துவது இவ்விடத்தேதான்.