ஏற்றி வந்த வண்டிகள்

கலவரம் என்ற சொல் எம்மவர் எழுத்தில் இன்னும் வசதியாகக் குடியிருக்கிறது. ஐம்பத்தெட்டுக் கலவரம், எழுபத்தேழுக் கலவரம், ஆடிக் கலவரம் என்று ஆண்டுகளுக்கே பெயர் சூட்டிவிட்டோம். கடல் கொந்தளிப்பது போல் தானாக எழுந்து தானாக அடங்கிய ஒன்று என்ற எண்ணத்தை அந்தச் சொல் வாசகனுக்குத் தந்துவிடுகிறது. ஆனால் கடலுக்கு டிப்போ கிடையாது. அதற்கு யாரும் டீசல் அடித்து அனுப்புவதுமில்லை.

1983 யூலையில் கொழும்பில் காடையர் வந்து இறங்கியது இ.போ.ச. பஸ்களிலும் அரச கூட்டுத்தாபனங்களின் லொறிகளிலும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் பலர். அவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. பதினைந்து மாதம் கழித்து, 1984 ஒக்டோபர் 31 இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். அடுத்த மூன்று நாட்களில் டில்லியின் சீக்கியக் குடியிருப்புகளுக்கு ஆட்கள் ஏற்றி இறக்கப்பட்ட வண்டிகளில் டில்லிப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்களும் இருந்தன என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். அங்கும் கையில் பட்டியல் இருந்தது. இந்த இரண்டு பஸ்களையும் அருகருகே நிறுத்திப் பார்த்த எழுத்து எது, பார்க்கத் தவறிய எழுத்து எது என்பதே எமது கேள்வி.

இதைப் பிளேஸ்டோவிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. பார்க்கிங் ரோட்டிலும் கிரீன் ஸ்ட்ரீட்டிலும் சீக்கியரும் நாமும் ஒரே பஸ்ஸில் இடித்துக்கொண்டு போகிறோம். அவர்களுடைய நவம்பர் எமக்குத் தெரியாது, எமது யூலை அவர்களுக்குத் தெரியாது. இந்த நாட்டில் தலைப்பாகையோடு பஸ் ஓட்டும் உரிமைக்காக வூல்வர்ஹம்ப்டனில் சீக்கியர் 1967 இலிருந்து 1969 வரை போராடி வென்றார்கள். அதே தலைப்பாகை டில்லிப் பஸ்ஸில் 1984 இல் ஒருவனைக் காட்டிக்கொடுக்கப் போதுமாயிருந்தது. எம்மிடம் தலைப்பாகை இல்லை. அதனால்தான் பெண்களின் பொட்டைப் பார்த்தார்கள், ஆண்களை ஒரு சிங்களச் சொல்லை உச்சரித்துக் காட்டச் சொன்னார்கள்.

பஸ் ஏன் முக்கியம்? ஒரு கல்லை யாரும் எடுக்கலாம், ஒரு போத்தல் பெற்றோலை வழியில் மறித்த காரிலிருந்து உறிஞ்சலாம். 83 இல் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அரச பஸ் டிப்போவை விட்டு வெளியேறுவதற்கு ஒரு சாரதி வேண்டும், திறப்பு வேண்டும், எரிபொருள் வேண்டும், படலையைத் திறக்க ஒருவர் வேண்டும், எழுதிவைக்க ஒரு பதிவேடும் வேண்டும். 'பஸ்ஸைக் கடத்திவிட்டார்கள்' என்று சொல்லலாம். நடக்கக்கூடியதுதான். அப்படியானால் கடத்தப்பட்ட பஸ் பற்றி டிப்போ கொடுத்த முறைப்பாடு எங்கே? கோபம் கொண்ட கூட்டம் என்ற விளக்கம் இந்தச் சின்னக் கேள்விக்கு முன்னால் தடுமாறிப் போகிறது.

டில்லியில் இந்தக் கேள்வியின் பக்கம் முதலில் நின்றது ஒரு மெல்லிய அறிக்கை. இரண்டு மனித உரிமை அமைப்புகள் சேர்ந்து 1984 நவம்பரிலேயே, சாம்பல் ஆறுமுன், 'குற்றவாளிகள் யார்?' என்ற பொருள்படும் தலைப்பில் அதை வெளியிட்டன. நடந்தது தன்னெழுச்சியல்ல, அரசியல்வாதிகளும் நிர்வாகமும் சேர்ந்த ஏற்பாடு என்று அது முடிவு சொன்னது, பெயர்களையும் சொன்னது. அதில் அலங்காரம் எதுவுமில்லை. எந்தக் குடியிருப்பு, எத்தனை மணி, யார் வந்தார்கள், பொலிஸ் என்ன செய்தது என்பதே அதன் நடை. எமது யூலைக்கு அப்படியொரு அறிக்கை கொழும்பில் உடனே வரவில்லை. இனவன்முறை பற்றி விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டதே 2001 இல்தான்.

எஸ். ஜே. தம்பையா எம்மவர். மானிடவியலாளர், ஹார்வார்டில் கற்பித்தவர், 2014 இல் காலமானார். 1986 இல் இலங்கை பற்றி எழுதிய நூலில், கூட்டங்கள் அரச வாகனங்களில் வந்ததையும் பட்டியல் வைத்திருந்ததையும் அவர் சேர்த்தே வைத்தார். 1996 இல் வந்த 'லெவலிங் கிரவுட்ஸ்' நூலில் கொழும்பையும் டில்லியையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தார். தென்னாசியாவின் கூட்டம் ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு, அதன் சடங்குத்தன்மையையும் அதன் பின்னாலுள்ள ஏற்பாட்டையும் ஒருங்கே பார்க்கவேண்டும் என்பது அவர் வாதம். எமது மனக்குறை ஒன்றுண்டு. கூட்டத்தின் மனத்தை விளக்குவதில் அவருக்கிருந்த ஆர்வம் வண்டியை அனுப்பிய மேசையைத் தேடுவதில் அந்த அளவுக்கு இல்லை. ஆயினும் சீக்கியரின் துயரையும் தமிழரின் துயரையும் ஒரே அளவுகோலால் அளந்த தமிழர் அவர். அந்த நூலை எம்மவர் போதுமான அளவு வாசிக்கவில்லை.

பஸ்ஸைவிடக் கொடியது ரயில். பஸ் கொல்பவனை ஏற்றி வந்தது, ரயில் கொல்லப்படுபவனை ஏற்றி வந்தது. ரயில் வரும் நேரம் அட்டவணையில் அச்சிடப்பட்டிருப்பதால் காத்திருப்பவன் தேடி அலையவேண்டியதில்லை. நங்லோய், கிஷன்கஞ்ச், தயா பஸ்தி, ஷாதரா, துக்ளகாபாத் நிலையங்களில் 1984 நவம்பர் 1, 2 திகதிகளில் சீக்கியப் பயணிகள் வண்டிகளிலிருந்து இழுக்கப்பட்டுக் கொல்லப்பட்டதையும், அந்த இடத்தில் பொலிஸ் ஒருவரையேனும் கைது செய்யாததையும் நீதிபதி திங்க்ராவின் விசாரணைக் குழு எழுதிவைத்தது. அது பகிரங்கமானது 2020 இல், முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. இந்தக் காட்சி எமக்குப் புதிதல்ல. 1958 மே மாதம் பொலன்னறுவை நிலையத்தில் ரயிலை மறித்துத் தமிழரைத் தேடினார்கள். 1977 ஓகஸ்டில் அநுராதபுரம் நிலையத்தில் தமிழ்ப் பயணிகள் தாக்கப்பட்டார்கள். இரு நாட்டிலும் சமிக்ஞை விளக்கு அரசின் கையில்தான் இருந்தது.

எமது புனைகதை என்ன செய்தது? 77 இன் அகதிகளைக் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குக் கொண்டுசென்ற கப்பலைக் களமாக வைத்து அருளர் 'லங்கா ராணி' எழுதினார். ஷியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்' (1994) நாவலில் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் ராதா அன்ரியின் ரயில் தாக்கப்படுகிறது. அவள் தலைக்காயத்தோடு வீடு வருகிறாள், அவளுடைய காதலும் அத்தோடு முறிகிறது. இவை நல்ல பக்கங்கள். ஆனால் மொத்தத்தில் நாம் எழுதியது எம்மை ஏற்றிச் சென்ற வண்டியையே. அவர்களை ஏற்றி வந்த வண்டி, புகைக்கு அப்பால் ஓர் இரைச்சலாக மட்டும் நிற்கிறது. எரியும் வீடு, ஒளித்துவைத்த சிங்கள அயலவர், அகதி முகாம், கப்பல் என்ற வரிசை எமது யூலைக் கதைகளுக்கு வாய்ப்பாடாகிவிட்டது. அதில் சாரதிக்கு முகமில்லை.

சாரதிக்கு முகம் கொடுத்த எழுத்து ஒன்றுண்டு. அமிதாவ் கோஷ் 1995 இல் 'நியூ யோக்கர்' இதழில் அந்த டில்லி நாட்களைப் பற்றி எழுதிய கட்டுரை. அவர் பயணம் செய்த பஸ்ஸில் ஒரு சீக்கியர் இருக்கிறார். சக பயணியான ஒரு பெண் அவரைக் கீழே குனிந்து ஒளிந்துகொள்ளச் சொல்கிறாள். மறித்தவர்கள் சீக்கியர் யாரும் உண்டா என்று கேட்கிறார்கள். சாரதி இல்லையென்று தலையாட்டுகிறார், மற்றவர்களும் இல்லையென்கிறார்கள். பஸ் போகிறது. கோஷ் இதை வீரமாக்கவில்லை, அதனால்தான் அது நிற்கிறது. அதே நகரம், அதே நாட்கள். ஒரு பஸ்ஸின் சாரதி ஆட்களை இறக்கினான், இன்னொருவன் ஒரு பொய்யால் ஓர் உயிரைக் கடத்திச் சென்றான். இரண்டையும் கலவரம் என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடினால் இருவருக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும்.

இந்த அளவுகோல் எம்மை விட்டுவைக்காது. 1985 மே 14 அன்று விடுதலைப் புலிகள் கடத்திய பஸ் ஒன்றில் அநுராதபுரம் பஸ் நிலையத்துக்குள் போய்ச் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்கள் மாண்டார்கள். 1987 ஏப்ரலில் அலுத்ஓயாவில் பஸ்களை மறித்துச் சிங்களப் பயணிகளைக் கொன்றார்கள். அரச பஸ் டிப்போவிலிருந்து வருவதற்கும் இயக்கம் பஸ்ஸைக் கடத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிவோம். ஆனால் ஆசனத்தில் இருந்தவனுக்கு அந்த வேறுபாடு எதைக் கொடுத்தது? எம்மீது ஓடிய பஸ்ஸை எழுதக் கேட்பவர்கள் எமது பெயரால் ஓடிய பஸ்ஸையும் எழுதவேண்டும். இல்லையேல் அது இலக்கியமல்ல, வழக்கறிஞர் வேலை.

2018 டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பளித்த இருவரில் ஒருவரான எஸ். முரளிதர் சென்னையில் சட்டத்தொழிலைத் தொடங்கியவர். மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லாத குறையை அத்தீர்ப்பு சுட்டியது. முப்பத்துநான்கு ஆண்டுகள் பொறுத்து அங்கு ஒரு பெரிய பெயர் சிறைக்குப் போயிற்று. அதற்குக் காரணம் பெண்கள் சிலர், யார் வந்தார், எதைச் சொன்னார் என்பதை மறக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னதுதான்.

எமது யூலையைக் கண்டவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டார்கள். ஈஸ்ற்ஹாமிலும் பிளேஸ்டோவிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். அவர்கள் நினைவுக்குறிப்பு எழுதும்போது தீயைப் பற்றி எழுதட்டும், தடுக்கமாட்டோம். கூடவே பஸ்ஸின் முகப்பில் என்ன பெயர்ப்பலகை இருந்தது, லொறியின் கதவில் எந்தக் கூட்டுத்தாபனத்தின் எழுத்து, எத்தனை மணிக்கு, எந்தச் சந்தியில் நின்றது, சாரதி இறங்கினானா, உள்ளேயே இருந்தானா என்பதையும் எழுதட்டும்.