பிரேக் கீச்சிடுவது எதனால்?

காரின் பிரேக்கிலிருந்து வரும் கீச்சொலி ஓர் அதிர்வின் ஒலி. சுழலும் டிஸ்க்கை பிரேக் பேட் கவ்வும்போது அதன் முகம் சீராக வழுக்குவதில்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஒட்டியும் விலகியும் துடிக்கிறது. டிஸ்க்கும் பேடைத் தாங்கும் காலிப்பரும் சேர்ந்து அந்தத் துடிப்பைப் பெருக்கிவிட்டால் காது கூசுகிறது. டிஸ்க் பிரேக்கோடு கூடவே பிறந்த தொல்லை இது. இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் 1902-ல் காப்புரிமை பெற்ற டிஸ்க் பிரேக்கில் செம்புப் பட்டைகள் உலோகத் தட்டின் மீது உரசி அலறின. ஹெர்பர்ட் ஃப்ரூட் 1907-ல் ஆஸ்பெஸ்டாஸ் பட்டையைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த அலறல் அடங்கியது. நுரையீரலைக் கெடுப்பதால் ஆஸ்பெஸ்டாஸ் பின்னாளில் பல நாடுகளில் விலக்கப்பட்டது.

சத்தம் வந்தவுடன் பேட் மாற்றிவிடுவது பரவலான வழக்கம். பெரும்பாலும் அது வீண்செலவு. சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். மழை பெய்த மறுநாள் காலையிலோ கார் கழுவிய பிறகோ முதல் நான்கைந்து முறை மட்டும் கீச்சிட்டு அடங்கினால், அது வார்ப்பிரும்பு டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு. அதற்கு வைத்தியமே தேவையில்லை. பிரேக்கை மிதிக்காமல் ஓடும்போது மெல்லிய கீச்சொலி கேட்டு, மிதித்தால் அது நின்றாலோ மாறினாலோ, பேட் தேய்ந்துவிட்டது என்று பொருள். பல பேட்களில் இதற்கென்றே ஒரு சிறு தகட்டு நாக்கு வைத்திருக்கிறார்கள். பேட் இரண்டு மூன்று மில்லிமீட்டராகக் குறையும்போது அது டிஸ்க்கைத் தொட்டு எச்சரிக்கும். புதிய பேடின் கனம் பொதுவாகப் பத்து மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். கீச்சொலி போய்க் கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்துவிட்டால் பேட் முழுக்கத் தீர்ந்து, பின்னாலிருக்கும் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் காரை ஓட்டவே கூடாது.

இவை எதுவும் இல்லாமல், சிக்னலை நெருங்கி மெதுவாக மிதிக்கும்போது மட்டும் வரும் கீச்சொலிக்குத்தான் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கியபின் ஸ்டாண்ட் வைப்பது கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் கை நீட்டுவது உயிரோடு விளையாடுவது. கழற்றிய காலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல், கம்பியால் சஸ்பென்ஷனோடு கட்ட வேண்டும். உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடுவதும் தவறு. ஈரத்துணியாலோ பிரேக் கிளீனராலோ துடைத்தெடுக்கலாம்.

இந்தியாவில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே உண்டு. அது உள்பேடை டிஸ்க்கின் மேல் அழுத்த, காலிப்பர் உடல் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பேடை இழுத்துப் பிடிக்கும். கீச்சொலியின் வேர் பலமுறை இந்தப் பின்களில்தான் இருக்கிறது. பின்னை மூடும் ரப்பர் பூட் கிழிந்த இடத்தில் நீர் புகுந்து, கிரீஸ் தார்போலக் கெட்டித்து, பின்னின் பாதி உடம்பில் செந்துரு ஏறியிருக்கும். கையால் இழுத்தால் அசையாது; ஸ்பேனரால் சுழற்றினால் கிரீச்சென்று வெளியே வரும். அத்தகைய காரில் உள்பேட் மூன்று மில்லிமீட்டராகத் தேய்ந்திருக்க, வெளிப்பேட் ஏழில் நிற்கும். ஓட்டிவந்த பிறகு அந்தச் சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடும். புது பேட் போட்டாலும் சில வாரங்களில் சத்தம் திரும்புவதற்கு இதுவே காரணம். பின்னைத் துடைத்து, துரு குழிவிழுத்தியிருந்தால் புதிது போட்டு, சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவினால் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துப் பின்னை மறுபடியும் சிக்கவைக்கும்.

அடுத்து பேட் அமரும் இடம். அதன் இரு காதுகளும் உட்காரும் பள்ளங்களைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்து, காதுகளுக்கும் முதுகுத் தகட்டுக்கும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் வைக்க வேண்டும். முதுகில் ஒட்டும் ஷிம் தகடு, விலைக்கு மிஞ்சிய பலன் தருவது. துடிப்பை அதுவே உறிஞ்சுகிறது. பேட் மாற்றும்போது பழைய ஷிம்மைத் தூக்கியெறிந்துவிட்டு வெறும் பேடைப் பொருத்துவதுபோல் மோசமான சிக்கனம் வேறில்லை. பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ கிரீஸ் ஒரு துளியும் படக் கூடாது. சத்தத்தை அடக்க எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும்.

மலைப்பாதையில் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய காரில் பேடின் முகம் கண்ணாடிபோலப் பளபளத்துக் கீச்சிடும். லேசான பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்தெடுக்கலாம். ஆழமாகக் கருகியிருந்தால் பேட் மாற்றுவதே சரி. செராமிக் பேட் பொதுவாக அமைதியானது. உலோகத்தூள் அதிகம் கலந்தது வெப்பத்தைத் தாங்கும், கூடவே சத்தமும் போடும்.

பூட்டியபின் காரை நகர்த்துவதற்கு முன்பே பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வரச்செய்ய வேண்டும்; இல்லையேல் முதல் மிதி தரைவரை போகும். புது பேட் என்றால் காலியான சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துக்கு, முழுதாக நிறுத்தாமல், இடைவெளி விட்டுப் பத்துப் பதினைந்து முறை குறைத்துப் பழக்கலாம்.

பின் டிரம்மில் வரும் சத்தம் பெரும்பாலும் அடைந்த தூசியாலும், ஷூ உரசும் தகட்டின் மேடுகள் வறண்டுபோவதாலும் வருவது. சுத்தம் செய்து அந்த மேடுகளில் சிறிது கிரீஸ் வைத்தால் போதும்.

இத்தனைக்கும் பிறகு கீச்சொலி நீடித்தால் டிஸ்க்கை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் கடைசல் கொடுத்துப் பயனில்லை. இரு பக்க டிஸ்க்குகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.