நூல் எங்கே நிற்கிறது? ஒரு பனியன் கம்பெனியில் ஈஆர்பிநெக்ஸ்ட்

திருப்பூரில் ஒரு பனியன் உருவாவதற்குள் அதன் சரக்கு எத்தனை வாசற்படிகளை ஏறி இறங்குகிறது என்பதை அத்தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் எளிதில் ஊகிக்கமாட்டார்கள். மில்லிலிருந்து மூட்டையாக வந்த நூல் நிட்டிங்குக்குப் போய்த் துணியாகி, சாயப்பட்டறைக்குப் போய் நிறமேறி, காம்பேக்டிங்கில் அகலமும் சுருக்கமும் சீர்பெற்று, கம்பெனிக்குள் வந்து கட்டிங் ஆனபின் மறுபடியும் பிரிண்டிங்குக்கும் எம்பிராய்டரிக்கும் வெளியே சென்று திரும்பி, தைக்கப்பட்டு, செக்கிங் முடிந்து பெட்டிக்குள் அடங்குகிறது. இந்த யாத்திரையின் பெரும்பகுதி பிறருடைய கூரையின் கீழே நடக்கிறது. அதில் முடங்கிக் கிடக்கும் மூலதனமோ முழுவதும் முதலாளியுடையது. ஆகையால் துணி எங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலாத ஸ்தாபனத்தில் அந்த அறியாமை, வட்டியாகவும், தவறிப்போன கப்பல் தேதியாகவும், வேறு வழியின்றி விமானத்தில் அனுப்பிய சரக்கின் கூலியாகவும் லாபநஷ்டக் கணக்கில் வந்து சேருகிறது. ஈ.ஆர்.பி. என்று அழைக்கப்படும் மென்பொருள்களின் பிரயோஜனத்தை மதிப்பிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான களம் இல்லை என்று கருதியே, எனக்கு அறிமுகமான ஒரு நடுத்தரக் கம்பெனியின் ஸ்டோரிலும் கணக்கறையிலும் உட்கார்ந்து, ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருளை நிதானமாகப் பழகிப் பார்த்தேன்.

இவ்வகை மென்பொருள்களின் வம்சாவளி புதியதன்று. ஒரு பொருளைச் செய்யத் தேவையான உதிரிகளைக் கணக்கிட்டு, எது எப்போது வாங்கப்பட வேண்டும் என்று கணிப்பொறியைக் கொண்டு தீர்மானிக்கும் முறையை ஜோசப் ஆர்லிக்கி 1960-களில் அமெரிக்காவில் வகுத்தார். 1972-இல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி. போன்ற ஸ்தாபனங்கள் கொள்முதலையும் கிடங்கையும் உற்பத்தியையும் கணக்கையும் ஒன்றாகப் பிணைத்தன, ஈ.ஆர்.பி. என்ற பெயரை 1990-இல் கார்ட்னர் நிறுவனம் சூட்டியது. அக்காலத்தில் பெருந்தொழிற்சாலைகளுக்கு மட்டுமே எட்டிய இந்தச் சாதனம், இன்று மும்பையைச் சேர்ந்த ஃபிராப்பே நிறுவனம் மூல நிரலையே பகிரங்கமாக்கி வெளியிட்டிருக்கும் ஈஆர்பிநெக்ஸ்டின் வடிவில், உரிமக் கட்டணம் ஏதுமின்றி எவருக்கும் கிடைக்கிறது.

அதன் விசேஷத்தை நான் பிரத்தியட்சமாக உணர்ந்த இடம் ஸ்டோர்தான். நூல் லாரி வந்து நின்றதும் ஸ்டோர் கீப்பர் கொள்முதல் ஆர்டரைத் திரையில் எடுத்து, வந்த எடையைப் பதிந்து, ‘சப்மிட்’ என்ற பொத்தானை அழுத்துகிறார். அந்த ஒரே செய்கையால் கிடங்கின் இருப்பு உயருகிறது. ஆர்டரில் இன்னும் வரவேண்டிய பாக்கி குறைகிறது. சரக்கு வந்தும் பில் வராத கடன் என்ற தலைப்பில் பேரேட்டில் அப்போதே ஒரு பதிவு விழுகிறது. பின்னால் மில்லின் பில் வரும்போது, பேசிய விலையும் வந்த எடையும் பில்லின் தொகையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை மென்பொருளே ஒப்பிட்டு, வந்ததற்கு மேற்பட்ட தொகையைத் தடுத்து நிறுத்துகிறது. முன்பு ஸ்டோரில் ஒரு நோட்டு, மெர்சண்டைசரிடம் ஓர் எக்செல் தாள், கணக்கறையில் டாலி என்ற கணக்கு மென்பொருள் என்று ஒரே நிகழ்ச்சி மூன்று இடங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டு வந்தது. மாதக் கடைசியில் அம்மூன்றையும் சமாதானப்படுத்துவதற்கென்றே ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சிரமம் இப்போது இல்லை. நிகழ்ச்சி நடந்த இடத்தில், அதை நடத்தியவர் கையால், ஒரே தடவை எழுதப்பட்ட விவரத்தை ஸ்தாபனம் முழுவதும் ஏற்றுக்கொள்ள வேண்டியதாகிறது என்பதே இம்மென்பொருளின் தலையாய நன்மை என்பது என் அபிப்பிராயம். வேகமும் அழகிய வரைபடங்களும் அதற்குப் பின்னால் வருபவை.

வேலையை வெளியாரிடம் கொடுத்துச் செய்வித்துக்கொள்ளும் ஜாப் ஒர்க் விவகாரத்தில் இந்நன்மை இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. வெளியாரிடம் அனுப்பும் சரக்கை ஈஆர்பிநெக்ஸ்ட் விற்றதாகவும் கருதுவதில்லை, தொலைந்ததாகவும் விடுவதில்லை; அந்த நிட்டிங் கம்பெனியின் பெயரிலோ சாயப்பட்டறையின் பெயரிலோ ஒரு கிடங்கை ஏற்படுத்தி, நம் சரக்காகவே அங்கே நிறுத்திவைக்கிறது. ஐந்நூறு கிலோ நூல் போய், துணியாக ஒரு பகுதி திரும்பினால், பிராசஸ் லாஸ் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட சதவீதத்தைக் கழித்தபின் எஞ்சியது அந்த வெளியார் பெயரில் நின்றுகொண்டே இருக்கும். எவருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டியதில்லை. சட்டமும் இக்கணக்கைக் கேட்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி ஜாப் ஒர்க்குக்கு வரியின்றி அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய தேதியிலேயே அது வழங்கப்பட்டதாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளாகும். எந்தச் சலானில் எந்தத் தேதியில் எவ்வளவு போயிற்று என்பது ஒரு நொடியில் தெரியும் கம்பெனிக்கு இந்தப் பிரிவைக் கண்டு அஞ்சவேண்டிய அவசியம் இல்லை.

மற்றொரு குணத்தையும் மனமாரப் பாராட்டவேண்டும். சப்மிட் செய்த பதிவை எவரும் அழித்து எழுத முடியாது. பிழை நேர்ந்தால் அதை ரத்து செய்து, திருத்திய பிரதியை வேறாகச் சமர்ப்பிக்க வேண்டும், ரத்தானதும் கூடவே நிலைத்திருக்கும். முதலில் இது தொந்தரவாகத் தோன்றினாலும், பழைய எண்ணை இரவோடிரவாக மாற்றிவிடும் சௌகரியம் ஒழிந்த பின்னரே கம்பெனிக்குள் ஒருவர் சொல்லும் கணக்கை மற்றவர் நம்பத் தொடங்கினார்கள் என்பதை நான் நேரில் கண்டேன்.

இனி, கடினமான பகுதி. அளவும் நிறமும் கலந்த ஆடை வகைகளுக்கு இதில் நல்ல ஏற்பாடு உண்டு. ஒரு ஸ்டைலுக்கு ஆறு அளவு, எட்டு நிறம் என்று கொடுத்தால் நாற்பத்தெட்டு உருப்படிகளையும் தானே படைத்துவிடும். ஆனால் சங்கிலித் தொடரான வெளிவேலைகளுக்கு ஒவ்வொரு கட்டத்துத் துணியையும், அதாவது சாயமேறாத துணி, சாயமேறிய துணி, காம்பேக்டிங் ஆன துணி என்று, தனித்தனி உருப்படியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எது எவ்வளவு சேரும் என்ற பட்டியலும் எழுத வேண்டும். இதில் சோம்பிய ஸ்தாபனங்களுக்கு இம்மென்பொருள் பில் போடும் யந்திரமாக மட்டுமே மிஞ்சும். வெறும் பில்லும் வரிக் கணக்கும் போதுமென்பவர்களுக்கு டாலியே தாராளமாகப் போதும், அவர்கள் இந்த வழிக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. இ-இன்வாய்ஸும் இ-வே பில்லும் இதிலிருந்தே எடுப்பதற்கு இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற தனிச் செயலியைச் சேர்த்து நிறுவிக்கொள்ள வேண்டும். அது செவ்வனே இயங்குகிறது.

உரிமம் இலவசம் என்பதைக் கேட்டுச் செலவே இல்லை என்று எவரும் எண்ணிவிடலாகாது. சர்வர் வாடகையும், நிறுவித் தருபவரின் கூலியும், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்டோரிலும் கட்டிங் மேஜையிலும் இருப்பவர்கள் பழகும் வரையில் பிடிக்கும் காலமும் உண்டு. கால நிர்ணயமும் முக்கியம்: 1999-இல் அமெரிக்காவின் ஹெர்ஷி மிட்டாய் நிறுவனம் பண்டிகை விற்பனை நெருங்கும் வேளையில் புதிய மென்பொருள்களை ஒரே சமயத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்து, கிடங்கில் சரக்கு இருந்தும் 10 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை அனுப்ப முடியாமல் தவித்தது.

ஆகவே, நூலும் துணியும் மூன்று நான்கு ஜாப் ஒர்க் இடங்களில் எப்போதும் சிதறிக் கிடக்கும் கம்பெனிகளுக்கு ஈஆர்பிநெக்ஸ்டைத் தயக்கமின்றிச் சிபாரிசு செய்கிறேன். ஷிப்மெண்ட் நெருக்கடி இல்லாத ஒரு மாதத்தில், கொள்முதலையும் ஸ்டோரையும் ஜாப் ஒர்க்கையும் முதலில் ஏற்றி, அவை நிலைத்தபின் உற்பத்தியையும் சம்பளத்தையும் சேர்ப்பது நல்லது. தொடங்கும் நாளில் நம் ஸ்டோரில் உள்ளதை மட்டுமன்றி, நிட்டிங் கம்பெனிகளிலும் சாயப்பட்டறைகளிலும் கிடக்கும் ஒவ்வொரு ரோலையும் ஆளனுப்பி எடை போட்டு, அந்த எடையையே ஆரம்ப இருப்பாகப் பதியவேண்டும். பழைய நோட்டில் உள்ள எண்ணை அப்படியே ஏற்றுவதற்கு எவர் யோசனை சொன்னாலும் கேட்கலாகாது.