மறதியும் வாக்குமூலமும்

பெல்ஜியத்தின் பிளெமிஷ் எழுத்தாளர் யெப் கேரார்ட்ஸை (1930–2015) துப்பறியும் நாவலாசிரியராகவே பலரும் அறிவர். 1985இல் வெளிவந்த அவரது ‘அல்ஸைமர் வழக்கு’ 2003இல் திரைப்படமாகி நாடு கடந்தும் பேசப்பட்டது. ஆனால் அவரது எழுத்தின் வேர் கொங்கோவில் இருக்கிறது.

அன்ட்வேர்ப்பில் பிறந்த கேரார்ட்ஸ், 1954இலிருந்து 1960இல் கொங்கோ சுதந்திரம் பெறும்வரை அங்கு குடியேற்ற நிர்வாக அதிகாரியாகப் பணியாற்றினார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே ‘கறுப்பு வீனஸ்’ (1968). மறுவருடம் அதற்கு அரச விருது கிடைத்தது. இனவாதம், ஆபாசம் என்ற கண்டனங்களும் எழுந்தன.

குடியேற்றவாதியின் நேர்மையான வாக்குமூலம் என்று இந்நாவலைப் போற்றுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கதைசொல்லி தன் வன்முறையை மறைக்கவில்லைதான். ஆயினும் கொங்கோப் பெண்கள் அவனது இச்சைக்கான உடல்களாகவே வந்துபோகின்றனர். குற்றவாளி மட்டுமே பேசும் வாக்குமூலம் நீதியாகிவிடுமா?

துப்பறியும் கதை ‘யார் செய்தது?’ என்று கேட்கிறது. ‘கறுப்பு வீனஸ்’ நாவலில் அது தெரிந்ததே. யாருக்குச் செய்யப்பட்டது என்பதுதான் அங்கு கேட்கப்படாத கேள்வி.

‘அல்ஸைமர் வழக்கு’ ஞாபகம் அழிந்துவரும் ஒரு கூலிக் கொலைஞனின் கதை. அவனைத் தேடும் பொலிஸார் அதிகாரபீடத்தின் அழுக்குகளையும் காண்கின்றனர். கொங்கோவை மறக்க விரும்பிய ஒரு தேசத்தின் சாயலை நான் அவனில் காண்கிறேன். ஆசிரியர் அதனை எண்ணியிராதிருக்கலாம். ஆனாலும் கொன்றவன் மறந்துவிட்டான் என்பதற்காக வழக்கு முடிந்துவிடுவதில்லை.