வொரோனெத்தின் மேற்குச் சுவர்

வடகிழக்கு ருமேனியாவின் புக்கோவினா பகுதியில் இருக்கிற வொரோனெத் மடாலயத்துக்கு, பிரம்மாண்டத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். மொல்தாவிய மன்னர் மகா ஸ்தெஃபான் 1488-இல் நான்கு மாதத்துக்குள் கட்டி முடித்த சின்னஞ்சிறு ஆர்த்தடாக்ஸ் கோயில் அது. மேற்குப் பக்கம் போய் அண்ணாந்து பார்க்கும்வரை அதன் பெருமை பிடிபடாது.

1547-இல் பேராயர் கிரிகோரே ரோஷ்கா கோயிலுக்கு முன்மண்டபம் ஒன்றைச் சேர்த்தார். வாசல்களை வடக்கிலும் தெற்கிலும் வைத்ததால், மேற்குச் சுவரில் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. ஓவியர்களுக்கு அடித்தது யோகம்! முழுச் சுவரிலும் இறுதித் தீர்ப்பை, நீலப் பின்னணியில் தீட்டிவிட்டார்கள்.

உச்சியில் தேவதூதர்கள் ராசி மண்டலத்தைப் பாய்போலச் சுருட்டுகிறார்கள், காலம் முடிந்துவிட்டதாம். கிறிஸ்துவின் பாதத்திலிருந்து புறப்படும் நெருப்பாறு நரகத்தில் போய் விழுகிறது. தீர்ப்புக்குக் காத்திருப்போர் கூட்டத்தில் தலைப்பாகை கட்டிய துருக்கியர்களும் உண்டு. அன்றைக்கு மொல்தாவியா ஒட்டோமான்களுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தது. அரசியல் கோபத்தை ஓவியர் ஒளிக்கவில்லை.

தூதர்கள் ஊதுவது மொல்தாவிய மேய்ப்பர்களின் நீண்ட ஊதுகொம்பான புச்சும். தாவீது அரசர் மீட்டுவதும் ஊர்க் கச்சேரிகளில் ஒலிக்கும் கோப்ஸா. கீழ்வரிசை இன்னும் சுவாரசியம். காட்டு விலங்குகள், தாம் தின்ற மனிதர்களின் கையையும் காலையும் வாயில் கவ்வி வந்து திருப்பிக் கொடுக்கின்றன. மானின் வசம் மட்டும் கொடுக்க ஒன்றுமில்லை. வெறும் வாயோடு நிற்கிறது.

'வொரோனெத் நீலம்' என்று அந்த நிறத்துக்கே தனிப்பெயர் வந்துவிட்டது. அதன் அடிப்படை அசுரைட் என்ற செப்புத் தாது. ஈரம் பட்டால் பச்சையாகத் திரியக்கூடிய நிறமி அது; வெளிச்சுவரில் இத்தனை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது சாதாரணமல்ல. அகலமாக வெளியே நீண்ட கூரைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் நீலத்தை மட்டும் புகழ்ந்துவிட்டுத் திரும்புவது, சாப்பாட்டை விட்டுவிட்டு வாழை இலையைப் பாராட்டுவது மாதிரி.

வடக்குச் சுவரில் காற்றும் மழையும் பாதி ஓவியத்தைத் தின்றுவிட்டன. தெற்கில் ஈசாய் மரத்தின் கிளைகளில் கிறிஸ்துவின் முன்னோர் வரிசை. பக்கத்திலேயே கிரேக்கத் தத்துவ ஞானிகள்!

1785-இல் ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் மூடப்பட்ட மடத்துக்கு, 1991-இல்தான் கன்னியர்கள் வந்து சேர்ந்தார்கள். 1993 முதல் கோயில் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. போகிறவர்கள் பைனாகுலர் ஒன்றை எடுத்துப்போங்கள். உச்சி வரிசை ராசிகள் வெறுங்கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. மேற்குச் சுவருக்கு மாலை வெயில்தான் தோது.