மதமற்றோர் வாக்கும் கட்சிகளின் கும்பிடும்

அரசியற் கட்சிகள் நிறைவேற்றும் தீர்மானங்களை எழுத்தாகக் கொண்டு ஆராய்வார் நம்மவருள் மிகச் சிலரே. கவிதைக்கு மதிப்புரை எழுதுகின்றோம், நாடகத்துக்கு எழுதுகின்றோம், பல கோடி மக்களைத் தொடும் ஒரு தீர்மானத்தையோ, நிறைவேறியது என்னும் செய்தியைப் படித்ததும் தாளை மடித்து வைத்துவிடுகின்றோம். தீர்மானமும் சொற்களால் ஆயதே. எச்சொல் முன் நிற்கின்றது, எச்சொல் பின் நிற்கின்றது, எச்சொல் வராமலே ஒழிந்தது என்று பார்த்தால், எழுதியவர் உள்ளம் தானே வெளிப்படும்.

நாம் இங்கு ஆராயப் புகுவது ஐக்கிய அமெரிக்க நாட்டின் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், சான் பிரான்சிஸ்கோ நகரிற் கூடி நிறைவேற்றிய ஒரு தீர்மானம். எந்த மதத்தையும் சாராத மக்களை அக்கட்சி அதிற் பாராட்டியது. ஒழுக்கமும் நாட்டுப்பற்றும் ஒரு மதத்தாரின் தனிச்சொத்தல்ல என்றது. அறிவியலையும் மனிதநேயத்தையும் அடிப்படையாகக் கொண்ட ஆட்சிமுறைக்கு மதமற்றோர் துணை நிற்பதைப் புகழ்ந்தது.

குறை சொல்லுமுன் நிறை சொல்லுதல் முறை. தேர்தல் மேடைப் பேச்சு கடவுளின் ஆசியை வேண்டி முடிவது அந்நாட்டு வழக்கம். கட்சி தகுதியானவர் என்று நிறுத்தும் அபேட்சகர் நாத்திகராயின் அவருக்கு வாக்களிப்பீர்களா என்று காலப் நிறுவனத்தார் 1958இல் கேட்டபோது, ஆம் என்றவர் நூற்றுக்குப் பதினெண்மரே. 2020இல் அத்தொகை 60 ஆக உயர்ந்தது. எனினும் கத்தோலிக்கர் ஒருவருக்கு வாக்களிப்போம் என்றவர் அதே ஆண்டில் 95 பேர். 2009இல் பதவியேற்ற ஒபாமா, நாட்டு மக்களை வரிசைப்படுத்துகையில் கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர், இந்து என்று சொல்லி நம்பிக்கையற்றோரையும் சேர்த்தார். அந்த ஒரு சொல்லே பெருஞ்செய்தியாயிற்று. அத்தகைய நாட்டில் ஒரு பெருங்கட்சி இவ்வளவு வெளிப்படையாக எழுதியது துணிவே. அதனை மறுப்பது நேர்மையன்று.

நிற்க. அதே கட்சியின் பழைய ஏடுகளைச் சற்றே புரட்டுவோம். 2012இல் சார்லட் நகரிற் கூடிய மாநாட்டின் கொள்கை அறிக்கையில், முன்னைய அறிக்கையில் இருந்த கடவுளைப் பற்றிய சொல் விடுபட்டிருந்தது. எதிர்க்கட்சியார் கூச்சலிட்டனர். உடனே தலைவர்கள் அஞ்சி, அச்சொல்லையும் எருசலேம் பற்றிய வாசகத்தையும் மீண்டும் சேர்க்க மறுநாள் திருத்தங் கொண்டுவந்தனர். தலைமை வகித்தவர் மும்முறை வாக்குக் கேட்டார். ஆம் என்ற குரலும் இல்லை என்ற குரலும் ஏறக்குறைய ஒத்தே ஒலித்தன. ஆயினும் மூன்றில் இரு பங்கு கிடைத்துவிட்டது என்று அவர் அறிவித்தார். மண்டபத்தில் எதிர்ப்பொலி எழுந்தது. 2016இல் வேறொன்று வெளியாயிற்று. கட்சித் தலைமையகத்தின் உயர் அலுவலர் ஒருவர், தம் கட்சி அபேட்சகருள் ஒருவரான சாண்டர்ஸைக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று யாரையேனும் கொண்டு கேட்கச் செய்தால், சில ஸ்டேட்களில் அவருக்கு வாக்குக் குறையும் என்று கடிதம் எழுதியிருந்தார். கடிதம் அம்பலமானபின் மன்னிப்புக் கேட்டார்.

ஏழாண்டுக்கு முன் கடவுள் சொல்லை அவசரமாக ஒட்டவைத்த கை, மூன்றாண்டுக்கு முன் நாத்திகம் என்பதைக் குற்றமாக்கிச் சொந்தக் கட்சிக்காரரையே வீழ்த்த எண்ணிய கை, 2019இல் மாலை தொடுத்தது எதனால்? விடை தீர்மானத்திலேயே இருக்கின்றது. மதமற்றோர் கட்சியினுள் மூன்றில் ஒரு பங்காகப் பெருகிவிட்டனர் என்று அது கணக்குக் காட்டுகின்றது. முன் தேர்தலில் அவர்கள் எவ்வளவு பேர், இனி அவர்களைத் தேடிச் சென்று அழைத்தால் இன்னும் எத்தனை இலட்சம் வாக்குச் சேரும் என்றும் மதிப்பிடுகின்றது. பாராட்டுரை என்று தொடங்கியது வரவுப் புத்தகமாக முடிகின்றது.

இதனைப் படிக்கையில் நம் தோட்டங்களின் பழைய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. விடியற்காலைப் பெரட்டில் வந்து நின்ற ஆட்களைக் கங்காணி எண்ணுவான். எண்ணிக்கைக்கு ஏற்ப அவனுக்குத் தலைக்காசு உண்டு. ஆள் வந்தானா என்பதே அவன் கணக்கு. வந்தவன் காய்ச்சலோடு நிற்கின்றானா, அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்பவை கணக்கில் ஏறா. ஆட்கள் நிரம்ப வந்த நாளில் கங்காணியின் முகம் மலரும். அம்மலர்ச்சியை அன்பு என்று எந்தத் தொழிலாளியும் எண்ணி ஏமாந்ததில்லை.

இனி, எண்ணப்படும் இம்மக்கள் யாவர்? பியூ ஆராய்ச்சி நிலையத்தாரின் கணக்குப்படி, மதச்சார்பில்லை என்ற அமெரிக்கப் பெரியோர் 2007இல் நூற்றுக்கு 16, 2023-24இல் 29. இவருள் கடவுள் இல்லை என்போர் 5, உண்டோ இல்லையோ அறியோம் என்போர் 6. எஞ்சிய பெரும்பகுதியார் தனியாக ஒரு மதமும் இல்லை என்று மட்டும் சொல்வோர். அவருட் பலர் கடவுளையோ ஏதோ ஒரு பேராற்றலையோ நம்புவோர். கோயிலை விட்டனரேயன்றிக் கடவுளை விட்டாரல்லர். வாக்குச்சாவடிக்குச் செல்வதிலும் இவர்கள் பின்தங்கியவர்களே. ஆகவே இது ஒரே கொள்கையுடைய படையன்று. பல காரணங்களால் பல வாயில்கள் வழியே வெளியேறிய கூட்டம். இவர்கள் எல்லாரும் நம் கருத்தினரே என்று தீர்மானம் பெருமிதங் கொள்வது, தானே வரைந்த படத்தைப் பார்த்துத் தானே மகிழ்வதாகும்.

வேறு வழி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, அது நடந்தும் இருக்கின்றது. 1880இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் தொகுதி மக்கள் சார்லஸ் பிராட்லா என்னும் நாத்திகரைப் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தனர். கடவுள் பேரால் ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதிமொழி கூறுகின்றேன் என்றார், சபை மறுத்தது. சரி, ஆணையே இடுகின்றேன் என்றார். நம்பாதவன் இடும் ஆணை செல்லாது என்று அதனையும் மறுத்தது. ஓரிரவு மணிக்கூண்டிற் சிறை வைத்தது. தொகுதி மக்களோ மீண்டும் மீண்டும் அவரையே தேர்ந்தனுப்பினர். சென்னையில் 1880களில் வெளிவந்த தத்துவவிவேசினி என்னும் தமிழ் ஏடும் பிராட்லா நடத்திய இயக்கத்தின் வழியைப் பின்பற்றியதே. ஆதலின் இவ்வரலாறு தமிழுக்குப் புதிதன்று.

அப்போது பிரதம மந்திரியாக இருந்தவர் லிபரல் கட்சித் தலைவர் கிளாட்ஸ்டன். அவர் கிறிஸ்தவப் பற்றில் ஊறியவர். பிராட்லாவின் கொள்கையை ஒரு சிறிதும் ஏற்காதவர். ஆயினும் 1883இல், உறுதிமொழி கூறியே சபையில் அமரலாம் என்னும் மசோதாவுக்காக எழுந்து நின்று வாதாடினார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மசோதா 289க்கு 292 என்ற கணக்கில், மூன்றே வாக்கில் தோற்றது. 1886இல் பிராட்லா சபையில் அமர்ந்தார். 1888இல் உறுதிமொழிச் சட்டம் அவர் முயற்சியாலேயே நிறைவேறியது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கிளாட்ஸ்டன் நாத்திகரைப் புகழவில்லை. அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணவுமில்லை. அந்நாளில் அவர்களால் வாக்கு ஆதாயமில்லை, இழப்பே மிகுதி. ஆனால் கதவைத் திறக்க முயன்றார். சான் பிரான்சிஸ்கோத் தீர்மானமோ வாயாரப் புகழ்கின்றது. திறப்பதாகச் சொல்லும் கதவு ஒன்றும் அதில் இல்லை.

திறக்க வேண்டிய கதவுகள் இல்லாமற் போகவில்லை. அமெரிக்க அரசியலமைப்பு, பதவிக்கு மதச்சோதனை கூடாதென்று தொடக்கத்திலேயே விதித்தது. மேரிலாண்டில் கடவுள் நம்பிக்கையை அறிவிக்க மறுத்ததால் நோட்டரிப் பதவி மறுக்கப்பட்ட டோர்காசோ என்பாரின் வழக்கில், 1961இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அவ்வாறிருந்தும் டெக்சாஸ், டென்னசி, மேரிலாண்டு முதலிய ஏழு ஸ்டேட்களின் அரசியலமைப்பில், கடவுளை நம்பாதவர் பதவிக்குத் தகார் என்னும் பொருள்பட்ட வாசகங்கள் செத்த எழுத்தாக இன்றும் கிடக்கின்றன. 2025 ஜனவரியிற் கூடிய காங்கிரஸில், மதமில்லை என்று தம்மை அறிவித்துக்கொண்ட உறுப்பினர் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. மூன்றில் ஒரு பங்கினர் என்று பெருமை பேசும் கட்சி, அவருள் எத்தனை பேரை அபேட்சகராக நிறுத்தும் என்பது பற்றித் தீர்மானம் வாய் திறக்கவில்லை. வராமலே ஒழிந்த சொல் என்று முதலில் குறித்தோமே, அஃது இதுவே.

மாற்றுக் கட்சியின் பக்கம் சிறந்ததென்று எவரும் கருதற்க. பழமைக் கொள்கையினரின் 2014ஆம் ஆண்டு மாநாட்டில், நாத்திகர் சங்கம் ஒன்றுக்கு இடம் தருவதாக ஒப்புக்கொண்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் அதனைத் திரும்பப் பெற்றனர். அங்கே கதவு அடைபட்டது. இங்கே கதவில் மாலை மட்டும் தொங்குகின்றது.

கட்சி என்றால் வாக்குத் தேடத்தானே செய்யும் என்பர் சிலர். தேடட்டும், அது குற்றமன்று. ஆனால் எண்ணிக்கைக்காகத் தரப்படும் மதிப்பு எண்ணிக்கை குறைந்த நாளிற் குறைந்துவிடும். உரிமையாகத் தரப்பட்டதோ ஒருவனே எஞ்சினும் அவனுக்கும் உரியது. 1888ஆம் ஆண்டுச் சட்டம் பெருங்கூட்டத்துக்காக வந்ததன்று. தனி மனிதன் ஒருவன் தலைகுனிய மறுத்ததால் வந்தது.

ஆதலின், கோயிலுக்குச் செல்பவராயினும் செல்லாதவராயினும், நம்மைத் தேடி ஒரு கட்சி வருமாயின் அதன் கையிலுள்ள தாளைப் பொறுமையாகப் படிப்போம். நம் தொகையை அது எத்தனை முறை சொல்கின்றது என்று எண்ணுவோம். நமக்காக எதனைச் செய்வதாகச் சொல்கின்றது என்றும் எண்ணுவோம். முதல் எண் பெரிதாய், இரண்டாவது எண் சுழியமாய் இருப்பின், வந்தது தோழனல்லன். தலைக்காசு தேடி வந்த கங்காணியே என்று தெளிவோமாக.