‘டோட்டோ சான்’ நூலில் பள்ளித் தெரிவும் செவிமடுத்தலும்

முன்னுரை

ஜப்பானிய நடிகையும் எழுத்தாளருமான டெட்சுகோ குரோயாநாகி தம் இளமைக்காலப் பள்ளி வாழ்வைப் பதிவுசெய்த நூல் ‘டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. 1981இல் வெளிவந்த இந்நூல் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமி, டோக்கியோவின் டோமோயே என்னும் சிறுபள்ளியில் சேர்ந்து கற்றதை இது கூறுகிறது. ரயில் பெட்டிகளே வகுப்பறைகளான புதுமையே வாசகர் நினைவில் முதலில் நிற்கிறது. ஆயினும், வேறுபட்ட முறையில் கற்கும் குழந்தைக்கு ஏற்ற பள்ளி எது என்னும் வினாவிற்கு நூல் தரும் விடை அப்பெட்டிகளில் இல்லை. குழந்தைக்குச் செவிமடுக்கும் பெரியவரிடமே உள்ளது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

ஒரு குழந்தையும் இரு பள்ளிகளும்

முதற்பள்ளியின் ஆசிரியை தாயிடம் குறைகளை அடுக்குகிறார். மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடுதல், ஜன்னலருகே நின்று தெரு இசைக்குழுவினரை அழைத்தல், பறவையோடு பேசுதல் என அப்பட்டியல் நீள்கிறது. ஆசிரியை கொடியவராகப் படைக்கப்படவில்லை. வகுப்பை நடத்த வேண்டியவரின் களைப்பே புலப்படுகிறது. ஆனால் அவ்வுரையாடல் குழந்தையைப் பற்றியது. குழந்தையோடு நிகழ்ந்தது அன்று.

டோமோயேயின் தலைமையாசிரியர் சோசாகு கோபயாஷியோ தாயை அனுப்பிவிட்டு, சிறுமி பேச விரும்பியவற்றையெல்லாம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் கேட்கிறார். முதற்பள்ளியில் தொல்லையாகக் கருதப்பட்ட குணம் இங்கு அறிமுகமாகிறது. குழந்தை மாறவில்லை, அவளை எதிர்கொள்ளும் முறையே மாறியுள்ளது. அன்றைய பாடங்கள் அனைத்தையும் காலையிலேயே கரும்பலகையில் எழுதிவிட, மாணவர் தாம் விரும்பியதிலிருந்து தொடங்கும் வழக்கமும் இத்தகையதே. ஒவ்வொருவரின் நாட்டத்தையும் ஆசிரியர் அறிய அது வாயிலாகிறது.

சிறுபள்ளியின் வரம்புகள்

ஏறக்குறைய ஐம்பது மாணவரே பயின்ற அப்பள்ளியிலும் காயம் நேர்கிறது. உடல் வளர்ச்சி குன்றிய தகஹாஷியிடம், வால் இருக்கிறதா என வகுப்பாசிரியை விளையாட்டாகக் கேட்டுவிடுகிறார். தலைமையாசிரியர் குழந்தைகள் இல்லாத சமையலறையில் அவரைக் கடிந்துகொள்கிறார். அதனை டோட்டோ சான் தற்செயலாகக் கேட்கிறாள். மாணவர் எண்ணிக்கை குறைவாக இருப்பது மட்டுமே குழந்தைக்குப் பாதுகாப்பாகாது என்பதையும், பிழையை உணர்ந்து திருத்தும் மனமே பள்ளியின் தகுதி என்பதையும் இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

மற்றொரு வரம்பு நிலையின்மை. 1937இல் தொடங்கிய டோமோயே 1945இன் விமானக் குண்டுவீச்சில் எரிந்தது. ஒருவரின் கனவாகவே நின்ற பள்ளி அவர் 1963இல் மறையும்வரை முன்போல் மீண்டும் எழவில்லை.

தாயின் மௌனம்

நீக்கப்பட்ட செய்தியை மகள் இருபது வயதைக் கடக்கும்வரை தாய் அவளிடம் கூறவில்லை. ‘வேண்டாதவள்’ என்னும் எண்ணம் தோன்றாமலேயே குழந்தை புதிய பள்ளிக்குள் நுழைகிறாள். நல்ல பள்ளியைத் தெரிவுசெய்தது போலவே இம்மௌனமும் ஒரு தெரிவாகும். ஆனால் இத்தகைய தெரிவுக்கு வாய்ப்பற்ற பெற்றோரின் குழந்தைகள் என்னவாயினர் என்பதை நூல் வினவவில்லை. நன்றியுணர்வில் எழுதப்பட்ட நினைவுநூலின் குறை இது.

முடிவுரை

பணியிடத்தில் ஓரங்கட்டப்பட்டோரை ஜன்னலோரத்தவர் எனச் சுட்டும் அக்கால ஜப்பானிய வழக்கு நூலின் தலைப்பில் ஒலிக்கிறது. சிறுமியின் இயல்புக்கு நூல் எந்த மருத்துவப் பெயரும் சூட்டவில்லை. பள்ளி தேடும் பெற்றோர் கட்டடத்தையும் கற்பிக்கும் முறையின் பெயரையும் காண்பதற்கு முன், தம் குழந்தை பேசும்போது அங்குள்ளவர் எவ்வளவு நேரம் கேட்கின்றனர் என்பதைக் காண வேண்டும் என்பதே இந்நூல் உணர்த்தும் அளவுகோலாகும்.